தாஹா ஹுசைனுக்கு வாசித்துக் காட்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைனைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒருவருக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே பல்லவிதான். கண் தெரியாத ஒரு கிராமத்துப் பையன் தன் மன உறுதியால் கல்வி அமைச்சர் வரை உயர்ந்தார், ஆகவே மாணவர்களே, குறை சொல்லாமல் முயற்சி செய்யுங்கள் என்று முடித்திருக்கிறார்கள். அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. தாஹா ஹுசைனே அதை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்று அவர் எழுதியதை வைத்தே சொல்ல முடியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. இலங்கை மலைநாட்டில், புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பிறகு கம்பளைப் பகுதியில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தேன். அங்கே அரபு மொழியும் இஸ்லாமும் படிப்பித்த மௌலவி ஒருவர் இருந்தார். நல்ல வாசகர். பாடம் இல்லாத நேரங்களில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அட்டை கிழிந்த ஓர் அரபுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "டீச்சர், இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று ஒரு பத்தியை அரபியில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்லுவார். அந்தப் புத்தகம் தாஹா ஹுசைனின் சுயசரிதை, 'அல் ஐயாம்'. நாட்கள் என்று பொருள். அதன் முதல் பாகம் 1926 இலும் 1927 இலும் கெய்ரோவின் 'அல் ஹிலால்' சஞ்சிகையில் தொடராக வந்து, 1929 இல் நூலானது. பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பும் எனக்குக் கிடைத்தது. ஆனாலும் அந்தப் புத்தகம் எனக்குள் போனது மௌலவியின் குரல் வழியாகத்தான்.

உங்கள் கட்டுரையாளர் 'சிறு வயதிலேயே பார்வையை இழந்தார்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எப்படி இழந்தார் என்பதை தாஹா ஹுசைன் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1889 இல் மேல் எகிப்தில், மின்யா மாகாணத்தில், மகாகா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனாருக்குப் பதின்மூன்று பிள்ளைகள், அதில் இவர் ஏழாவது. சின்ன வயதில் கண்ணில் அழற்சி வந்தது. சில நாட்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஊர் நாவிதரைக் கூப்பிட்டார்கள். அவர் செய்த வைத்தியத்தில் இரண்டு கண்ணும் போயின. விதி என்றோ சோதனை என்றோ அவர் இதை எழுதவில்லை. பிள்ளைகளின் நோயைக் கவனிக்காமல் விடும் ஒரு வாழ்க்கை முறை தன் கண்களை எடுத்தது என்று எழுதுகிறார். அதே அத்தியாயத்தில்தான் தன் கடைசித் தங்கையின் சாவையும் சொல்கிறார். நான்கு வயதுப் பிள்ளை, வீட்டுக்கே செல்லம், நாளெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது அவளுக்குக் காய்ச்சல். வீடு பெருநாள் வேலையில் மும்முரமாக இருக்கிறது. அது தானாக மாறிவிடும் என்று எல்லாருமே நினைக்கிறார்கள். வைத்தியரைக் கூப்பிடும் எண்ணமே யாருக்கும் வரவில்லை. பிள்ளை போய்விடுகிறாள்.

இதை மௌலவி வாசித்துக் காட்டிய அன்று என்னால் அடுத்த பாடத்துக்குப் போக முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் தம்பிக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, வந்தபோது அவனுக்கு நான்கு வயது இருக்கும். அறுபதுகளில் நடந்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று காம்பரா வாசலில், எங்கள் லயத்து அறையின் வாசலில், வேப்பிலை கட்டினார்கள். மருந்து கொடுக்கக்கூடாது என்பது பாட்டியின் கட்டளை. முத்து இறங்கிய பிறகு கண் சிவந்து, இமை ஒட்டிப்போனது. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை பெற்றிருந்த ஒரு அக்காவின் தாய்ப்பாலை ஊற்றினார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி ஊற்றினார்கள். அம்மா கொழுந்துக்குப் போகாமல் நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன அப்பா கங்காணியிடம் சொல்லி, கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு களிம்பு கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதித் துண்டு கேட்டதற்கு, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் கொண்டுபோனபோது, கருவிழி இரண்டும் வெந்துவிட்டது, முன்னமே கொண்டு வந்திருக்கலாமே என்று டொக்டர் அம்மாவைத்தான் ஏசினார். போஷாக்கு இல்லாத பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் உயிர்ச்சத்து ஏ இல்லாமல் கருவிழி கரைந்துவிடும், உரிய நேரத்தில் அந்தச் சத்தைக் கொடுத்தால் காப்பாற்றலாம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகு காலத்துக்குப் பிறகு. அம்மா அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். தன் கைதான் பிள்ளையின் கண்ணைக் கெடுத்தது என்ற நினைப்போடு போனார்.

அல் ஐயாமின் தொடக்கப் பக்கங்களில் ஒரு காட்சி வரும். வீட்டுக்கு வெளியே ஒரு வேலி. அந்தப் பையன் மாலை நேரத்தில் அந்த வேலியில் சாய்ந்துகொண்டு நிற்பான். சற்றுத் தள்ளி, ஊர் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்க, பாட்டுக்காரர் ஒருவர் அபூ ஸைதின் வீரக்கதையைப் பாடிக்கொண்டிருப்பார். பையன் அதிலே கரைந்து நிற்கும்போது அக்கா வந்து கூப்பிடுவாள். அவன் வரமாட்டான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு போய், அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுக்கப்போடுவாள். அம்மா அவன் கண்களை ஒவ்வொன்றாகத் திறந்து எதையோ ஊற்றுவாள். எரியும். எந்தப் பிரயோசனமும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்து. பிறகு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. தம்பி தப்புச் சத்தம் கேட்ட பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விடுவான். அவனைத் தூக்கிக்கொண்டு வருகிற அக்கா நான். அம்மாவின் மடியும் அந்த எரிச்சலும் அப்படியே எங்கள் காம்பராவில் நடந்தது. நைல் நதிக்கரைப் பிள்ளைக்கும் புசல்லாவைப் பிள்ளைக்கும் ஒரே மருந்து, ஒரே பலன்.

இவ்வளவும் ஒன்றுபோல நடந்தது. அப்புறம் இரண்டு பேருடைய பாதையும் பிரிந்துவிட்டது. எங்கே பிரிந்தது என்றுதான் நாம் கேட்க வேண்டும். என் தம்பிக்கு மன உறுதி குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களை எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லுவேன். காமன் கூத்தின் லாவணிகளையும் பொன்னர் சங்கர் கதையையும் இன்றைக்கும் ஒரு வரி பிசகாமல் பாடக்கூடியவன். ஒருமுறை கேட்ட செய்தியைத் திகதியோடு சொல்லுவான். ஞாபகசக்தியில் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

தாஹா ஹுசைனுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். முதலாவது, ஊர்க் குத்தாப். நம்மூரில் ஓதப்பள்ளி என்கிறோமே, அது போன்றது. பார்வையில்லாத பிள்ளை குர்ஆனை மனனம் செய்து, அதை ஓதும் காரியாகப் பிழைக்கலாம் என்று அந்தச் சமூகத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. ஒன்பது வயதுக்குள் அவர் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்துவிட்டார். இரண்டாவது, அல் அஸ்ஹர். 1902 இல், பதின்மூன்று வயதில், அண்ணனோடு கெய்ரோவுக்குப் போய் அங்கே சேர்ந்தார். நூற்றாண்டுகள் பழைய கலாபீடம். ஏழை மாணவருக்குக் கட்டணம் இல்லை, சாப்பிட ரொட்டியும் தந்தது. அந்த ரொட்டியில் வைக்கோலும் கல்லும் பூச்சியும் கிடந்ததென்று எழுதியிருக்கிறார். வாரக்கணக்காக, மாதக்கணக்காக, அதைக் கரும்புப் பாகில் தொட்டே சாப்பிட்டிருக்கிறார். ஆனால் ரொட்டி இருந்தது. கைபிடித்துக் கூட்டிப்போக அண்ணன் இருந்தார். மூன்றாவது, 1908 இல் தொடங்கிய எகிப்தியப் பல்கலைக்கழகம். 1914 இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தை அவர்தான் வாங்கினார். ஆய்வுப் பொருள், ஆயிரம் வருடத்துக்கு முந்திய பார்வையற்ற அரபுக் கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரி. அதே பல்கலைக்கழகம்தான் அவரைத் தன் செலவில் பிரான்சுக்கும் அனுப்பியது. முதலில் மொன்பெலியே, பிறகு பாரிஸ். அங்கே அவருக்குப் பிரெஞ்சுப் புத்தகங்களை வாசித்துக் காட்ட வந்த பெண்தான் சுசான். 1917 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூனைப் பற்றி அவர் செய்த ஆய்வின் பின்னால் அந்தப் பெண்ணின் குரல் இருக்கிறது. நாடு திரும்பிய பிறகும் கடைசிவரை வாசித்துக் காட்டவும் சொல்லச் சொல்ல எழுதவும் ஆட்கள் கூடவே இருந்தார்கள்.

உங்கள் கட்டுரையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் இப்போது என்னோடுதான் இருக்கிறான். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அக்கா, அவருக்கு வாசிச்சுக் காட்ட எப்பவும் ஆளு இருந்திருக்கு. அத ஏன் இவங்க எழுதல?"

இந்தக் கேள்வியை உங்கள் கட்டுரையாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

தாஹா ஹுசைனின் மனத் திடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது எப்பேர்ப்பட்டது என்பதை அவருடைய சாப்பாட்டுக் கதை ஒன்றே காட்டும். சிறு வயதில் ஒருநாள் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது, இரண்டு கையாலும் கவளத்தை எடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. எடுத்தார். அண்ணன்மார் சிரித்தார்கள், அம்மா அழுதுவிட்டார். அப்பா, கவளத்தை இப்படி எடுக்கக்கூடாது மகனே என்று துக்கத்தோடு சொன்னார். அந்த இரவைத் தான் எப்படிக் கழித்தேன் என்றே தெரியாது என்கிறார். அன்றிலிருந்து கரண்டி பிடித்துச் சாப்பிட வேண்டிய எதையும் தொடவில்லை. சூப் இல்லை, சோறு இல்லை. இருபத்தைந்து வயதுவரை அந்த விலக்கைக் காத்தார். பிறர் பார்க்கச் சாப்பிடுவதையே வெறுத்தார். அல் அஸ்ஹரில் தேர்வுக்குப் போனபோது, "குருடா, முன்னால் வா" என்று பரீட்சகர் கூப்பிட்டது கடைசிவரை அவருக்குள் ஆறவில்லை. லயத்தில் வளர்ந்த என் தம்பிக்கு அந்தச் சொல் பெயர் மாதிரியே ஆகிவிட்டிருந்தது. அவனும் மூலையில் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவான். இந்த இடத்தை நான் அவனுக்கு வாசித்துக் காட்டியபோது, "அவரு பெரிய மனுசன், அதனால எழுத முடிஞ்சிச்சு" என்றான்.

இவ்வளவையும் பட்டவர், தன் கதையிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்? நான் ஜெயித்தேன், நீங்களும் முயன்றால் ஜெயிக்கலாம் என்று உபதேசம் செய்துகொண்டு திரியவில்லை. தன்னைப் போன்ற பிள்ளை இனித் தற்செயலை நம்பி நிற்கக்கூடாது என்று முடிவெடுத்தார். 1938 இல் 'எகிப்தில் பண்பாட்டின் எதிர்காலம்' என்ற நூலை எழுதினார். கல்வி எல்லாருக்கும் உரியது, அதைத் தருவது அரசின் கடமை, படிக்காத மக்களை வைத்துக்கொண்டு ஜனநாயகம் நடத்த முடியாது என்று வாதிட்டார். ஏழைகளை எல்லாம் படிக்கவைத்தால் வேலையில்லாதவர்கள் பெருகுவார்கள், நாட்டுக்கு ஆபத்து என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் எழுதினார். நம் மலைநாட்டில் 'எல்லாரும் படித்தால் யார் கொழுந்து பறிப்பது' என்று கேட்டவர்களை நினைத்துக்கொண்டே அந்தப் பகுதியை வாசித்தேன். இதே நூலில் எகிப்தின் மனம் கிரேக்கத்துக்கும் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் நெருக்கமானது, இந்தியாவும் சீனாவும் வேறு உலகம் என்ற தோரணையில் எழுதுகிறார். அது எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேத்தி நான். அவருடைய தங்கை செத்த வீட்டையும் என் தம்பி கண்ணிழந்த காம்பராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு அவை வேறு உலகமாகத் தெரியவில்லை.

நூலோடு நிற்கவில்லை. 1942 இல் அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர். நாற்பதுகளின் கடைசியில் ஏழைகளின் துயரத்தைப் பற்றி எழுதிய கதைகளை, 'பூமியில் வதைபடுவோர்' என்ற அந்த நூலை, எகிப்து அரசு விடவில்லை, லெபனானில்தான் அச்சானது. நீதிக்காக ஏங்கித் தவிப்பவர்களுக்கும், நீதி வந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் இழந்தவர்களுக்கும் அதைச் சமர்ப்பித்திருக்கிறார். அந்தச் சமர்ப்பணத்தை நம் தோட்டக் காரியாலயங்கள் எல்லாவற்றிலும் எழுதி மாட்டலாம் என்று எனக்குத் தோன்றும். 1950 இல் வஃப்து கட்சி அரசில் கல்வி அமைச்சரானார். தண்ணீரைப் போல, காற்றைப் போல கல்வி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. ஆரம்பக் கல்வி ஏற்கெனவே இலவசமாகியிருந்தது. இடைநிலைக் கல்விக்கும் கட்டணத்தை நீக்கினார். இரண்டு வருடம்தான் பதவி. ஆனால் அந்த வேலை நின்றது.

இங்கே நம் கதையையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. எகிப்தில் இடைநிலைக் கல்விக் கட்டணம் நீங்குவதற்கு முன்னாலேயே வந்தது, நாடு பெருமைப்படலாம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1948 இல் எங்கள் குடியுரிமையும் பறிபோனது. தோட்ட நிர்வாகம் நடத்திய, ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததே, டவுனில் கடை வைத்திருந்த மாமா ஒருவர் வீட்டில் தங்க இடம் கிடைத்ததால். என் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு டவுனில் மாமா இல்லை. அவர்களுக்கு மன உறுதி பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

அடுத்தது ஒரு சங்கடமான விஷயம். உங்கள் கட்டுரை 1926 ஆம் ஆண்டைத் தொடாமலே போய்விட்டது. அந்த வருடம் 'இஸ்லாத்துக்கு முந்திய கவிதை' பற்றி தாஹா ஹுசைன் ஒரு நூல் வெளியிட்டார். பழைய கவிதைகள் என்று நாம் வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் கட்டப்பட்டவை என்றார். எதையும் சந்தேகித்துத்தான் தொடங்குவேன் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தின் முறையை எடுத்துக்கொண்டார். குர்ஆனில் சொல்லப்படும் வரலாறு பற்றியும் சில வரிகள் எழுதினார். பெரும் கொந்தளிப்பு. அல் அஸ்ஹர் முறைப்பாடு செய்தது, பாராளுமன்றத்தில் பேசினார்கள், அரச வழக்குத் தொடுநர் விசாரித்தார். 1927 இல், குற்றம் செய்யும் நோக்கம் இல்லை என்று விசாரணை முடிந்தது. நூலைத் திருத்தி, வேறு தலைப்பில் மறுபடி வெளியிட்டார். முஸ்லிம் வாசகர்களின் மனம் நோகும் என்று நினைத்து நீங்கள் இதை விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இதை முதன்முதலில் சொன்னதே மௌலவிதான். "அந்தக் கிதாபில அவர் சொன்னதை நான் ஏத்துக்கல்ல, டீச்சர். ஆனா அல் ஐயாமை வாசிக்காத அரபு மாணவனை நான் பார்த்ததில்ல" என்பார். உடன்படாத ஒருவரை இவ்வளவு மரியாதையோடு வாசிக்கலாம் என்பதை நான் அவரிடம் பார்த்தேன். வாசகர்களை நம்பி முழுவதையும் எழுதுங்கள்.

1932 ஐயும் விட்டுவிட்டீர்கள். அப்போது அவர் கலைப்பீடாதிபதி. ஆட்சியில் இருந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய சில அரசியல்வாதிகளுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து தூக்கிக் கல்வி அமைச்சுக்கு மாற்றினார்கள். அங்கேயும் போகமாட்டேன் என்றார், வேலை போனது. அதைக் கண்டித்துப் பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபி அல் சையித் தானும் பதவியைத் துறந்தார். அரபு இலக்கியத்தின் பீடாதிபதி என்ற பட்டத்தை ஜனங்கள் அவருக்குச் சூட்டியது இந்தச் சமயத்தில்தான். மாணவர்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

எகிப்து நமக்குத் தூரத்து நாடு என்றும் ஒரு வரி இருந்தது. மலைநாட்டுக்காரர் அப்படி எழுதக்கூடாது. 1882 இல் ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சி தோற்ற பிறகு, அதன் தலைவர் அராபி பாஷாவையும் தோழர்களையும் இலங்கைக்குத்தான் நாடுகடத்தினார்கள். அராபி பாஷா கண்டியில் வாழ்ந்த வீடு இன்றும் நினைவகமாக நிற்கிறது. கூட வந்தவர்களில் ஒருவர் மஹ்மூத் சாமி அல் பாரூதி. எழுச்சிக்காலத்தில் எகிப்தின் பிரதமராக இருந்தவர், நவீன அரபுக் கவிதைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் என்று அரபு உலகம் கொண்டாடுகிற கவிஞர். இந்த மண்ணை அவர் தன் கவிதைகளில் சரந்தீப் என்று அழைத்தார். மனைவி இறந்த செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது அவர் பாடிய இரங்கற்பாவை அரபு மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1899 இல் அவரைத் திரும்பிப்போக விட்டபோது அவர் கண்பார்வையும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில்தான் கண்டியில் பிறந்த சித்திலெப்பை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தினார். 1885 இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலின் நாயகன் எகிப்துக்காரன். இலங்கைத் தமிழ் நாவலே அப்படித்தான் தொடங்குகிறது. இதைப் பற்றி விரிவாகத் தெரிந்தவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டு எழுதுவியுங்கள்.

அல் ஐயாம் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் அவருடைய மகளுக்குச் சொல்வதாக வரும். அவளுக்கு ஒன்பது வயது. ஒருநாள் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஈடிபஸ் மன்னன் கதையைக் கேட்கிறாள். கண்ணைத் தானே குத்திக்கொண்ட மன்னன் வழி தெரியாமல் தடுமாற, மகள் வந்து கைபிடித்து நடத்தும் இடம் வந்ததும் பிள்ளை தேம்பி அழுது அப்பாவை முத்தமிடுகிறாள். அவள் யாரை நினைத்து அழுதாள் என்பது அவருக்குத் தெரியும். தான் பட்ட வறுமையை அவளிடம் இதுவரை சொல்லாமல் மறைத்ததற்குக் காரணத்தையும் சொல்கிறார். கூடவே, தன்னை அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அவளுடைய தாய்தான் என்று எழுதுகிறார். முழுப் புகழையும் தன் மன உறுதிக்கு எழுதிக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. நாம் ஏன் அவருக்காகச் செய்ய வேண்டும்?

1973 ஒக்டோபர் 28 ஆம் திகதி கெய்ரோவில் காலமானார். ஐக்கிய நாடுகள் சபை அந்த வருடம் மனித உரிமைகளுக்கான விருதை வழங்கியவர்களில் அவரும் ஒருவர். இலக்கியத்துக்கு அல்ல, மனித உரிமைக்கு. அவருடைய வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஆகவே நான் கேட்பது இவைதான். தாஹா ஹுசைனைப் பற்றி இன்னொரு கட்டுரை போடுங்கள். அதில் நாவிதரின் வைத்தியம், தங்கையின் சாவு, அஸ்ஹரின் ரொட்டி, சுசானின் குரல், 1950 இன் கட்டணமில்லாக் கல்வி எல்லாம் வரட்டும். சொல்லக்கூடிய மௌலவிமார் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், மலையக எழுத்தாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது, தோட்டங்களில் பிள்ளை பராமரிக்கும் இடமான பிள்ளைக் காம்பராவில் இருக்கும் சிறுவர்களுக்கும் முதலாம் வகுப்புச் சேருகிறவர்களுக்கும் கண்ணைப் பார்க்கச் சொல்லி உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுத வேண்டும். கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும் குறையோடு பிள்ளைகள் மக்கு என்று பெயர் வாங்கிப் பின்வாங்கில் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லாது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, வாசிப்பு. எங்கள் பக்கத்து லயத்தில் சாதாரண தரம் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பார்வை மிகக் குறைவு. பின்னேரங்களில் வருவாள், நான் வாசிப்பேன். தமிழும் இலக்கியமும் நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாடத்தைத் தன் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிறாள். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறான். பாடத்தில் நான் எங்கேயாவது வரி தாண்டினால் அவன்தான் நிறுத்துவான். இப்படி வாசித்துப் பதிவுசெய்ய மனமுள்ளவர்கள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் கட்டாயம் இருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வீட்டில் இருக்கிற படித்த பிள்ளைகள், யாராக இருந்தாலும் சரி. பெயர்களைச் சேர்த்து, தேவைப்படும் பிள்ளைகளோடு அவர்களை இணைக்க உங்கள் பத்திரிகையில் வாரம் நாலு வரி இடம் கொடுங்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எங்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதை முதல் அறிவித்தலாகப் போட்டால் உதவியாக இருக்கும். என் முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்க வேண்டுமென்றால் என் படிப்பைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள், தம்பியின் கேள்வியை மட்டும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
புசல்லாவை.